ஹேண்டலின் ஆர்கன் கான்செர்ட்டோக்கள்: எந்தப் பதிவை வாங்கலாம்?

கேள்வி இது: "ஹேண்டலின் ஆர்கன் கான்செர்ட்டோக்களைப் பழைய பாணி வாத்தியங்களில் வாசித்த ஒரு பதிவைக் கேட்டேன். ஆர்கன் என்றால் கட்டடமே அதிரும் என்று எதிர்பார்த்தேன். இதில் ஏதோ சின்னப் பெட்டிக்குள்ளிருந்து சத்தம் வருகிறது. இன்னொரு பதிவில் அதே கான்செர்ட்டோவின் நடுவே முற்றிலும் வேறு இசை இருக்கிறது. எது சரி? ஒன்றே ஒன்று வாங்குவதென்றால் எதை வாங்குவது?"

புதியவர்களுக்கு ஒரு வரி: ஹேண்டல் 18ஆம் நூற்றாண்டு இசையமைப்பாளர்; ஆர்கன் குழாய்களில் காற்றைச் செலுத்தி ஒலிக்கும் கீபோர்டு வாத்தியம்; ஒரு தனி வாத்தியமும் ஆர்கெஸ்ட்ராவும் சேர்ந்து வாசிக்கும் படைப்புதான் கான்செர்ட்டோ. கடைசியில் கேட்டதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். பால் நிக்கல்சன் ஆர்கன் வாசிக்க, ராய் குட்மன் நடத்த, பிராண்டன்பர்க் கன்சார்ட் குழு ஹைபீரியன் நிறுவனத்துக்காக 1990களில் பதிவு செய்தது. ஓபஸ் 4, ஓபஸ் 7 என்ற இரண்டு தொகுப்பும், அதாவது 12 கான்செர்ட்டோவும், இரண்டு சிடியில் அடங்கிவிடும். அதை வாங்குங்கள். இதைவிடத் துடிப்பான பதிவுகள் உண்டு, இதைவிடத் துணிச்சலான ஆர்கனிஸ்டுகளும் உண்டு. ஆனாலும் இதைச் சொல்வதற்குக் காரணம் அதில் இருக்கும் ஆர்கன். நீங்கள் கேட்ட "சின்னப் பெட்டி" விவகாரமும் அங்கேதான் வந்து சேர்கிறது.

பழைய பாணிப் பதிவு என்று உறையில் போட்டிருந்தால் அது பெரும்பாலும் வயலின்காரர்களைப் பற்றிய தகவல்தான். குடல் தந்தி, ஹேண்டல் காலத்து பரோக் வில், சாவிகள் அதிகம் இல்லாத ஓபோ என்ற ஊதுகுழல் என்று ஆர்கெஸ்ட்ரா பக்கம் எல்லாம் ஒழுங்காக இருக்கும். தனி வாத்தியமான ஆர்கன் மட்டும் வேனில் ஏற்றிக்கொண்டு வரக்கூடிய ஒரு பெட்டி ஆர்கனாக இருக்கும். பாடகருக்குத் துணையாக ஓரத்தில் வாசிக்கவென்று செய்த கருவி அது. அதைக் கொண்டுவந்து கதாநாயகன் இடத்தில் உட்கார வைத்தால் நீங்கள் சொன்ன சத்தம்தான் வரும். உங்கள் காதில் ஒரு கோளாறும் இல்லை.

அதே சமயம் கட்டடம் அதிர வேண்டும் என்ற எதிர்பார்ப்பையும் கொஞ்சம் குறைத்துக்கொள்ள வேண்டும். ஹேண்டல் ஜெர்மனியில் பிறந்தவர், 1702இல் ஹாலே நகரத் தேவாலயத்தில் ஆர்கனிஸ்டாக இருந்தவர், கால்களால் பெடல் வாசிக்கத் தெரிந்தவர். ஆனால் இந்தக் கான்செர்ட்டோக்களை அவர் எழுதியது லண்டன் நாடக அரங்குகளுக்காக. 1730களின் நடுவில் ஹேண்டலுக்குப் போட்டியான ஓபரா குழு ஒன்று ஃபரினெல்லியை லண்டனுக்கு அழைத்து வந்தது. ஐரோப்பாவே கொண்டாடிய பாடகர் அவர். அவருக்கு ஈடு கொடுக்க ஹேண்டலிடம் அந்த அளவுப் பாடகர் இல்லை. தன் விரல்கள் இருந்தன. 1735 தவக்காலத்தில் கோவென்ட் கார்டன் அரங்கில் 'எஸ்தர்', 'டெபோரா', 'அதாலியா' என்று ஓரட்டோரியோக்கள் (நடிப்பில்லாமல் கதையைப் பாடிச் சொல்லும் படைப்புகள்) நடந்தபோது, அங்கங்களுக்கு நடுவே தானே ஆர்கனில் உட்கார்ந்து கான்செர்ட்டோ வாசித்தார். கூட்டம் அதற்காகவும் வந்தது. ஆக, இது வழிபாட்டு இசையே அல்ல. மேடையில், மெழுகுவத்தி வெளிச்சத்தில், டிக்கெட் வாங்கியவர்கள் முன்னால் ஒருவர் தன் கைவரிசையைக் காட்டிய இசை.

அந்த அரங்க ஆர்கன் எப்படி இருந்தது? தன் உயிலின் இணைப்பில், கோவென்ட் கார்டனில் இருக்கும் தன் "பெரிய ஆர்கனை" அரங்க முதலாளி ஜான் ரிச்சுக்குக் கொடுப்பதாக ஹேண்டல் எழுதியிருக்கிறார். 1808இல் அரங்கம் எரிந்தபோது அதுவும் போய்விட்டது. ஆனால் அவர் மனதில் என்ன மாதிரி ஆர்கன் இருந்தது என்பதற்கு நல்ல சான்று ஒன்று மிஞ்சியிருக்கிறது. ஹேண்டலின் 'மெசையா' ஓரட்டோரியோவுக்கு வசனம் தொகுத்துக் கொடுத்த சார்ல்ஸ் ஜென்னென்ஸ் தன் வீட்டுக்கு ஓர் ஆர்கன் செய்ய யோசனை கேட்டார். 1749 செப்டம்பரில் ஹேண்டல் பதில் எழுதினார். ஒரே கீபோர்டு. ஓப்பன் டயபேசன், ஸ்டாப்டு டயபேசன், பிரின்சிபல், ட்வெல்ஃப்த், ஃபிஃப்டீன்த், கிரேட் டியர்ஸ், ஃப்ளூட் என்று ஏழு குழாய் வரிசைகள். நாக்கு வைத்த குழாய்கள் வேண்டாம், அடிக்கடி சுருதி சேர்க்க வேண்டிவரும், நாட்டுப்புறத்தில் அது பெரும் தொல்லை என்று காரணமும் சொல்கிறார். பெடல் பற்றிப் பேச்சே இல்லை. அன்றைய இங்கிலாந்து ஆர்கன்களில் பெரும்பாலும் பெடல் கிடையாது.

இந்தப் பட்டியலில் முதல் பெயரைக் கவனியுங்கள். ஓப்பன் டயபேசன் என்பது மேல்வாய் திறந்த உலோகக் குழாய் வரிசை. அதன் கீழ்க்கோடி 'ஸி' சுரத்துக்குக் குழாய் 8 அடி நீளம் வேண்டும். 8 அடிக் குழாயை வேனில் ஏற்றுவது சுலபமில்லை. அதனால் பெட்டி ஆர்கனில் மூடிய மரக் குழாய்களைப் போடுவார்கள். மேல்வாயை மூடிவிட்டால் அதே சுரத்துக்குப் பாதி நீளம் போதும், 4 அடியில் காரியம் முடியும். ஆனால் அடிச் சுரத்தோடு சேர்ந்து மெல்ல ஒலிக்கும் மேற்சுரங்களில், மூடிய குழாயில் ஒற்றைப்படையானவைதான் தூக்கலாக வரும். ஒலி மென்மையாக, உள்ளீடற்றுக் கேட்கும். திறந்த குழாய்க்கு எல்லா மேற்சுரங்களும் உண்டு, ஆகவே ஒரு பாடும் குணம் வருகிறது. இங்கிலாந்து ஆர்கன்களின் அழகே இந்த டயபேசனில்தான் என்பது என் கட்சி. ஹேண்டலின் மெதுவான பகுதிகளை மூடிய மரக் குழாயில் கேட்டால் அழகாகத்தான் இருக்கும், ஆனால் பத்து நிமிடத்தில் சலித்துவிடும்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. ஜென்னென்ஸுக்காகச் செய்த அந்த ஆர்கன் இன்றும் இருக்கிறது. கோப்சால் மாளிகையில் இருந்தது, பிறகு வார்விக்‌ஷயரில் கிரேட் பேக்கிங்டன் என்ற இடத்துச் சிறு தேவாலயத்துக்குப் போனது. 1950களின் இறுதியில் அமெரிக்க ஆர்கனிஸ்ட் இ. பவர் பிக்ஸ் அங்கே போய், ஏட்ரியன் போல்ட் நடத்த, லண்டன் ஃபில்ஹார்மோனிக் குழுவோடு இந்தக் கான்செர்ட்டோக்களைப் பதிவு செய்தார். உலோகத் தந்தி, நவீன ஓபோ, கனமான வயலின் வரிசை. இன்றைய கண்ணோட்டத்தில் ஆர்கெஸ்ட்ரா முழுக்கப் பழைய மோஸ்தர். ஆனால் ஆர்கன் மட்டும் ஹேண்டலே யோசனை சொன்னது. அடுத்த தலைமுறை ஆர்கெஸ்ட்ராவைச் சரி செய்தது, பல பதிவுகளில் ஆர்கனைப் பெட்டியாக்கியது. இரண்டும் ஒரே இடத்தில் சேர்ந்து அமைந்த பதிவுகள் கொஞ்சம்தான்.

நிக்கல்சன் பதிவு அந்தக் கொஞ்சத்தில் ஒன்று. லண்டனின் வடமேற்கு ஓரத்தில் லிட்டில் ஸ்டான்மோர் என்ற இடத்தில் புனித லாரன்ஸ் தேவாலயம். 1717-18 வாக்கில் ஹேண்டல் பக்கத்திலிருந்த கேனன்ஸ் மாளிகையில் ஜேம்ஸ் பிரிட்ஜஸ் என்ற பெரும் பணக்காரரின் ஆதரவில் இருந்தார், அப்போது அவர் இசை ஒலித்த இடம் இது. பிரிட்ஜஸ் பிறகு சான்டோஸ் பிரபு ஆனார். அந்தக் காலப் பாடல்களுக்கு 'சான்டோஸ் ஆந்தெம்' என்றே பெயர் நிலைத்துவிட்டது. ஜெரார்ட் ஸ்மித் 1716இல் கட்டிய ஆர்கன் அங்கே இருந்தது. பிற்காலத்தில் பலமுறை மாற்றப்பட்டாலும் மரக் கூடும் பழைய பாகங்கள் சிலவும் தப்பின. அவற்றை வைத்து கெட்ஸ் அண்ட் க்வின் என்ற ஆர்கன் கட்டுநர்கள் 1994இல் அதைப் பழைய வடிவுக்கு மீட்டார்கள். சுவரெல்லாம் ஓவியம் தீட்டிய சிறிய கட்டடம் என்பதால் எதிரொலி அளவோடு இருக்கிறது. நாடக அரங்கம் அல்லதான், ஆனால் பெரிய கதீட்ரலைவிட அரங்கத்துக்கு நெருக்கம். ஆர்கன் அங்கிருந்து நகராது. ஆர்கெஸ்ட்ராதான் அதைத் தேடிப் போயாக வேண்டும். வாசிப்பில் அது தெரிகிறது. முழு ஸ்டாப்புகளையும், அதாவது குழாய் வரிசைகளைத் திறக்கும் குமிழ்களையும், இழுத்து வாசிக்கும்போது ஆர்கன் வயலின்களுக்குச் சமமாக நிற்கிறது, அவர்களுக்குப் பின்னால் ஒளிந்துகொள்வதில்லை.

சரி, இரண்டாவது கேள்வி. ஒரே கான்செர்ட்டோவின் நடுவில் ஆளுக்கொரு இசை எப்படி வரும்?

ஏனென்றால் ஹேண்டல் அங்கே எதையும் எழுதவில்லை. 'ஆர்கனோ ஆட் லிபிடம்', அதாவது 'ஆர்கன், இஷ்டப்படி' என்று போட்டுவிட்டு அடுத்த பகுதிக்குப் போய்விடுவார். வாசிக்கப் போவது அவரே, தனக்குத்தானே எதற்கு எழுதி வைப்பது? சில இடங்களில் நாலைந்து மாத்திரை மட்டும் மனோதர்மத்துக்கு விட்டிருப்பார். சில இடங்களில் ஒரு முழுப் பகுதியே காணாது. உச்சம் ஓபஸ் 7இன் 3ஆம் கான்செர்ட்டோ. 1751 ஜனவரியில் எழுதியது, அவருடைய கடைசி ஆர்கன் கான்செர்ட்டோ. முதல் பகுதி முடிந்ததும் 'அடாஜியோவும் (மெதுவான பகுதி) ஃப்யூகும், இஷ்டப்படி' என்று ஒரு குறிப்பு, அவ்வளவுதான். ஒரு ஃப்யூகை, அதாவது ஒரே கருவைக் குரல் குரலாக உள்ளே இழுத்துப் பின்னிக்கொண்டே போக வேண்டிய கட்டுக்கோப்பான வடிவத்தை, அந்த நேரத்தில் யோசித்து வாசித்துக்கொள் என்கிறார்.

அவர் எப்படி வாசித்தார் என்று கேட்டவர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். ஜான் ஹாக்கின்ஸ் 1776இல் வெளியிட்ட இசை வரலாற்றில், ஹேண்டல் கான்செர்ட்டோவை நேரடியாக ஆரம்பிக்க மாட்டார், முதலில் டயபேசன் குழாய்களில் மெதுவாக, கம்பீரமாக ஒரு முன்னிசை வாசித்துவிட்டுத்தான் உள்ளே வருவார் என்கிறார். ராகம் ஆலாபனை செய்துவிட்டுக் கீர்த்தனையை எடுப்பது மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த முன்னிசையை எந்தப் பதிப்பும் அச்சிட முடியாது, பெரும்பாலான பதிவுகளும் அதை விட்டுவிடுகின்றன. இன்னொரு சாட்சி அதே காலத்து இசை வரலாற்றாசிரியர் சார்ல்ஸ் பர்னி. 1750களின் தொடக்கத்தில் ஹேண்டலுக்குக் கண் பார்வை போனது. முதலில் பழைய கான்செர்ட்டோக்களை நினைவிலிருந்து வாசித்தார். அப்புறம் ஆர்கெஸ்ட்ராவுக்கு அவர்கள் வாசிக்க வேண்டிய சட்டகத்தை மட்டும் கொடுத்துவிட்டு, தன் பங்கு முழுவதையும் அந்த நேரத்துக் கற்பனையில் வாசித்தாராம். வயலின்காரர்கள் வில்லைப் பிடித்தபடி காத்திருப்பார்கள். அவர் ஒரு நீண்ட டிரில், அதாவது பக்கத்துப் பக்கத்துச் சுரங்கள் இரண்டை வேகமாக மாற்றி மாற்றி, வாசித்தால் அதுதான் சமிக்ஞை. உடனே உள்ளே நுழைய வேண்டும்.

அச்சில் இருப்பதை நம்பக்கூடாது என்பதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. ஓபஸ் 4ஐ 1738இல் ஜான் வால்ஷ் வெளியிட்டார், 'ஹார்ப்சிகார்ட் அல்லது ஆர்கனுக்கு' என்று போட்டு. வீட்டில் ஹார்ப்சிகார்ட் வைத்திருக்கும் ஆட்கள் ஆர்கெஸ்ட்ரா இல்லாமலேயே தனியாக வாசித்துப் பார்க்கலாம் என்று விற்றது. ஓபஸ் 7 அப்படிக்கூட இல்லை. ஹேண்டல் 1759இல் இறந்தார். தொகுப்பு வந்தது 1761இல். இருந்த கையெழுத்துப் பிரதிகளைச் சேர்த்து ஒட்டியது. ஓபஸ் 7இல் ஓட்டைகள் அதிகம் என்பதற்கு இதுதான் காரணம்.

ஆகவே ஓட்டையை ஒருவர் எப்படி அடைக்கிறார் என்பதுதான் பரீட்சை. நாலு கார்டு (ஒரே நேரத்தில் சேர்ந்தொலிக்கும் சுரங்கள்) வாசித்து நகர்ந்துவிடுபவர்கள் உண்டு. ஹேண்டலின் வேறு கீபோர்டு படைப்புகளிலிருந்து ஒரு பகுதியை எடுத்துச் செருகுபவர்கள் உண்டு. இதுவும் நியாயமான வழிதான், ஹேண்டலே தன் சொத்தையும் பிறர் சொத்தையும் எடுத்துக் கையாளத் தயங்காதவர். ஓபஸ் 4இன் 5ஆம் கான்செர்ட்டோ அவர் ரெக்கார்டர் என்ற குழல் வாத்தியத்துக்கு எழுதிய சொனாட்டா ஒன்றின் மறுவடிவம். மூன்றாவது வகையினர் உண்மையாகவே அங்கேயே கற்பனை செய்து வாசிப்பவர்கள். ரிச்சர்ட் எகார் இந்த ரகம். அகாடமி ஆஃப் ஏன்ஷியன்ட் மியூசிக் குழுவோடு ஹார்மோனியா முண்டி நிறுவனத்துக்காக 2000களில் இரண்டு தொகுப்பையும் பதிவு செய்தார், தானே வாசித்து தானே நடத்தி. எனக்கு அவர் சில இடங்களில் அளவு மீறுவதாகத் தோன்றும். ஆனால் ஓபஸ் 7இல் ஒருவர் அளவு மீறுவது, அடக்கமாக நாலு கார்டு வாசித்துவிட்டு ஒதுங்குவதைவிட நல்லது. நிக்கல்சன் இதில் நடுவாந்திரம்: ரசனையோடு அடைக்கிறார், ஆச்சரியப்படுத்துவது குறைவு.

டான் கூப்மன் 1980களில் தன் ஆம்ஸ்டர்டாம் பரோக் ஆர்கெஸ்ட்ராவோடு செய்தது உற்சாகமான பதிவு, ஆனால் அலங்காரம் தூக்கலாக இருக்கும். ஒரு சுரத்தைச் சும்மா விட மனசு வராது அவருக்கு. சிலருக்கு அது தேன். எனக்கு ஒரே மூச்சில் இரண்டு கான்செர்ட்டோவுக்கு மேல் தாங்காது. சைமன் பிரெஸ்டன், டிரெவர் பின்னாக்கின் இங்கிலிஷ் கன்சர்ட் குழுவோடு ஆர்க்கிவ் நிறுவனத்துக்குச் செய்தது அதே காலத்தது. தாளம் தெளிவாக, நிமிர்ந்து நிற்கும், எங்கேயும் சறுக்காது. முதல்முறை கேட்கும் நண்பருக்குப் பரிசு கொடுப்பதென்றால் அதைத்தான் கொடுப்பேன். 1970களில் ஹெர்பர்ட் டாஹெட்சியும் ஹார்னன்கூர்ட்டின் கான்சென்டஸ் மியூசிகஸ் குழுவும் செய்தது பழைய வாத்தியப் பதிவுகளின் முன்னோடிகளில் ஒன்று. ஆர்கெஸ்ட்ரா கரடுமுரடாக, வாக்கியம் வாக்கியமாக வெட்டி வாசிக்கும். இன்று கேட்டால் கொஞ்சம் பிடிவாதமாகத் தோன்றலாம்.

சுருதி விஷயம் ஒன்று பாக்கி. பழைய பாணிப் பதிவுகளில் பொதுவாக 'ஏ' சுரம் 415 ஹெர்ட்ஸ். இன்றைய 440ஐவிட அரைச் சுரம் கீழே. இது நடைமுறை வசதிக்காக நம் காலத்தவர் வைத்துக்கொண்ட ஏற்பாடு. ஹேண்டலுடையது என்று சொல்லப்படும் 1751ஆம் ஆண்டுச் சுருதிக் கவை 422.5 ஹெர்ட்ஸ் கொடுக்கிறது, இரண்டுக்கும் நடுவே. இந்த வித்தியாசம் காதுக்குப் பெரிதாகத் தெரியாது. தெரிவது சுரங்களைப் பங்கிடும் முறை. அன்றைய ஆங்கில ஆர்கன்களை மீன்டோன் முறையில் சுருதி சேர்ப்பார்கள். அதில் எட்டு மேஜர் மூன்றாம் சுர இடைவெளிகள் (நம் ஸட்ஜத்திலிருந்து அந்தர காந்தாரம் வரையிலான தூரம்) கிட்டத்தட்ட 5:4 என்ற சுத்த விகிதத்தில் இருக்கும், மீதி நாலு காது கூசும். இந்தத் தொகுப்புகளின் சுருதிகளைப் பாருங்கள்: ஜி மைனர், பி ஃப்ளாட், எஃப், டி மைனர், ஒரு ஏ மேஜர். எல்லாம் அந்த நல்ல எட்டுக்குள் பெரும்பாலும் தங்கும்படியான இடங்கள். மீன்டோனுக்கு நெருக்கமாகச் சுருதி சேர்த்த ஆர்கனில் பி ஃப்ளாட் கார்டு ஒன்று நீளமாக நின்றால் அதில் அலை அடிக்காது, அசையாமல் நிற்கும். பன்னிரண்டு சுரங்களையும் சம தூரத்தில் வைக்கும் இன்றைய சமச் சுருதியில் அதே கார்டு சற்றே நடுங்கும். ஓபஸ் 4இன் 2ஆம் கான்செர்ட்டோவின் தொடக்கத்தை இரண்டு விதமாகவும் கேட்டால் பிடிபடும்.

கேட்க ஆரம்பிக்கும்போது 1, 2, 3 என்று வரிசையாகப் போக வேண்டாம். ஓபஸ் 4இன் 4ஆவதில் தொடங்குங்கள், எஃப் மேஜர். 1735இல் 'அதாலியா'வுக்காக எழுதியபோது அதன் கடைசிப் பகுதி அப்படியே 'அல்லேலூயா' கோரஸுக்குள் போய் முடிந்தது. வால்ஷ் அச்சிட்டபோது கோரஸை வெட்டிவிட்டார், பல பதிவுகளிலும் அது இருக்காது. நிக்கல்சன் பதிவில் கேம்பிரிட்ஜ் கிளேர் கல்லூரிப் பாடகர் குழு வந்து பாடுகிறது. ஆர்கன் ஒரு கருவை வைத்து ஓடிக்கொண்டிருக்கும்போது திடீரென்று மனிதக் குரல்கள் நுழையும் அந்த இடத்துக்கே சிடி விலை தகும்.

அடுத்து 6ஆவது. இது உண்மையில் ஹார்ப்புக்கு எழுதியது. 1736இல் 'அலெக்சாண்டர்ஸ் ஃபீஸ்ட்' அரங்கேற்றத்தில், கதையில் டிமோத்தியஸ் யாழ் மீட்டும் இடத்தில் வந்தது. ஊமைத் தக்கை வைத்த வயலின், இரண்டு ரெக்கார்டர், விரலால் சுண்டும் கீழ்த் தந்திகள் என்று ஆர்கெஸ்ட்ராவையே ஹார்ப்புக்காக அடக்கி வைத்திருக்கிறார். நிக்கல்சன் தொகுப்பில் பிரான்சிஸ் கெல்லியும், பிரெஸ்டன் தொகுப்பில் உர்சுலா ஹோலிகரும் ஹார்ப் வாசிக்கிறார்கள். ஆர்கனில் வாசித்த பதிவு கிடைத்தால் தவிர்த்துவிடுங்கள்.

அங்கிருந்து நேராக ஓபஸ் 7இன் 4ஆவதுக்குத் தாவுங்கள், டி மைனர். செல்லோக்களையும் பஸூன்களையும் தனித்தனியாகப் பிரித்து, கீழ்ஸ்தாயியிலேயே புகையாகப் பரவும் ஒரு அடாஜியோ. ஆர்கன் உடனே வருவதில்லை, காத்திருந்து, மேலே மெல்லிய ஒற்றைக் குரலாகப் பதில் சொல்கிறது. ஹேண்டல் எழுதியதிலேயே மிக இருண்ட தொடக்கங்களில் ஒன்று. பெட்டி ஆர்கனில் இந்தப் பதில் கிணற்றுக்குள் விழுந்த மாதிரி இருக்கும். டயபேசனில் கேட்டால் ஏன் அப்படி எழுதினார் என்று புரியும். ஓபஸ் 7இன் 1ஆவதை அப்புறம் வைத்துக்கொள்ளலாம். 1740இல் லிங்கன்ஸ் இன் ஃபீல்ட்ஸ் அரங்கத்துக்கு எழுதியது, இந்தத் தொகுப்புகளிலேயே இதற்கு மட்டும்தான் பெடலுக்கென்று தனிப் பங்கு உண்டு.

ஹேண்டல் காலத்து இன்னொரு ஜெர்மன் இசையமைப்பாளரான பாஹ் பற்றி ஒரு வார்த்தை, எப்படியும் யாராவது கேட்பீர்கள். ஆர்கனும் ஆர்கெஸ்ட்ராவுமான கான்செர்ட்டோ என்று அவர் தனியாக எதையும் விட்டுச் செல்லவில்லை. ஆனால் 1726இல் எழுதிய சில கன்டாட்டாக்களில் (ஆர்கெஸ்ட்ராவோடு பாடும் படைப்புகள்), உதாரணமாக 35, 169 ஆகிய எண்களில், ஆர்கன் தனி வாத்தியமாகவே வாசிக்கிறது. அவை தேவாலயத்துக்கானவை, லைப்சிக் நகரப் பெரிய ஆர்கன்களுக்கானவை. 'பாஹின் ஆர்கன் கான்செர்ட்டோக்கள்' என்று உறையில் இருந்தால் ஒன்று இவற்றிலிருந்து எடுத்துக் கோத்ததாக இருக்கும், இல்லை விவால்டி போன்றோரின் கான்செர்ட்டோக்களை அவர் தனி ஆர்கனுக்கு மாற்றியதாக இருக்கும். எதுவென்று பார்த்து வாங்குங்கள்.

வாங்கும் முன் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. ஓபஸ் 7இன் 3ஆம் கான்செர்ட்டோவை நிக்கல்சன், எகார் இருவரிடமும் ஆன்லைனில் போட்டு, முதல் பகுதி முடிந்து அடுத்தது தொடங்கும் இடத்தை மட்டும் கேளுங்கள். ஹேண்டல் காலியாக விட்ட இடம் அதுதான். அங்கே யாருடைய வாசிப்பு உங்களை உட்கார வைக்கிறதோ, அவருடைய பதிவை வாங்குங்கள்; நான் மேலே முதலில் சொன்னதற்கு மாறாக இருந்தாலும் பரவாயில்லை.